அபிமன்யுவுக்கு எந்தக் குரல்?

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு இந்த வருஷம் பிள்ளைகளைக் கொண்டே ஒரு சங்கீத நாடகம் நடத்துவது என்றும், அது சங்கரதாஸ் சுவாமிகளின் ‘அபிமன்யு சுந்தரி’யாகவே இருக்க வேண்டும் என்றும் தீர்மானமான நாள் முதல், கொல்லிமலையில் செம்மேட்டிலிருந்து சோளக்காடு வரையில் என்னைச் சந்திக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே: “அபிமன்யு யாருங்க?” கேள்வி சிறியதுதான், ஆனால் அதற்கு விடை சொல்லப் புகுந்தால், நூறு வருஷத்துத் தமிழ் நாடகத்தின் கதையில் ஒரு பகுதியையாவது சொல்லியாக வேண்டும். ஆகவே சாவகாசமாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த நாடகத்தை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பது. வாலிபர்களில் சிலருக்குக் கட்டபொம்மன் மீது ஆசை. வேறு சிலருக்கு, நம் மலைக்கு உரியவனான வல்வில் ஓரியையே மேடையில் நிறுத்த வேண்டும் என்ற ஆசை. இரண்டும் நியாயமான ஆசைகளே. ஆனால் அரசர்களின் கோபம் வயது வந்தவர்களின் கோபம். ராஜ்யம், வரி, மானம், போர் என்று அதற்குக் காரணங்கள் பல. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் நடிக்கிற நாடகத்தில், அந்த வயதுக்கே உரிய கோபம் ஒன்று, பெரியவர்கள் கூடி நிச்சயித்துவிட்ட காரியத்தை ‘முடியாது’ என்று எதிர்த்து நிற்கிற கோபம், கதையின் மூலாதாரமாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். நம் புராண இதிகாசங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் உண்டு. தகப்பனின் சபையில் நின்று தகப்பனையே மறுத்த பிரகலாதன் அவர்களில் தலையாயவன். எனினும் அவனுக்குப் பின்னால் தெய்வம் நிற்கிறது. அபிமன்யுவுக்குப் பின்னால் நிற்பவர்கள் அவன் தாயும், காட்டிலே வளர்ந்த ஓர் அண்ணனும்தான்.

புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கிவரும் ‘அபிமன்னன் சுந்தரி மாலை’யைக் கதைப்பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பாண்டவர்கள் சூதாடி நாடிழந்து வனவாசம் போன பிற்பாடு, அபிமன்யுவுக்கு உரியவளாகிய சுந்தரியைத் துரியோதனன் மகன் இலக்கணகுமாரனுக்குக் கொடுப்பதென்று பெரியவர்கள் பேசி முடிக்கிறார்கள். செல்வம் இருக்கிற இடத்தை நோக்கிச் சம்பந்தம் சாய்கிறது. சுபத்திரையின் மகன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாயை அழைத்துக்கொண்டு வனத்தின் வழியே புறப்படுகிறான். வழியில் கடோத்கஜன் மறிக்கிறான். இன்னார் என்று அறியாமல் இருவரும் பொருதுகிறார்கள். பிறகு அண்ணன் தம்பி என்று அறிந்து தழுவிக்கொள்கிறார்கள். அரண்மனை கைவிட்ட பையனுக்குக் காடு கைகொடுக்கிறது. மலையிலும் காட்டிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இந்த இடத்தைக் கேட்டபோது எவ்வளவு உற்சாகம் கொண்டார்கள் என்பதை நேரில் பார்த்தவர்களே அறிவார்கள். காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பிய சகோதரர்கள் கொல்லிமலை, சேர்வராயன் மலை, பச்சைமலை என்று மலைக்கு ஒருவராகத் தங்கிவிட்டார்கள் என்பது இம்மலைகளில் வாழும் மலையாளி மக்கள் தங்கள் பூர்வீகத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வரலாறு. காட்டிலே அண்ணன் தம்பி சந்திப்பது இவர்களுக்கு வெறும் கதையாகப் படாததில் ஆச்சரியமில்லை.

இனிச் சுவாமிகளுக்கு வருகிறேன். 1867-ல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், நடிகராகவும் ஆசிரியராகவும் பல சபைகளில் இருந்து, வயது வந்த நடிகர்களின் கட்டுப்பாடற்ற போக்கினால் மனம் சலித்து, சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்தத் தலைப்பட்டார். 1918-ல் மதுரையில் அவர் ஆரம்பித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அந்த வருஷமே வந்து சேர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களில் மூன்றாமவரான சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அந்தச் சிறுவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் ஒரே இரவில், பாட்டும் வசனமுமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்த நாடகந்தான் இந்த ‘அபிமன்யு சுந்தரி’. டி.கே. சண்முகம் பின்னாளில் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யில் இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எழுதிய வேகத்தை மட்டும் நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. கைவசம் இருக்கிற நாடகத்துக்குத் தக்க நடிகனைத் தேடுவதுதான் உலக வழக்கம். இங்கே ஓர் ஆசிரியர், தம் முன்னால் நிற்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து, அந்தப் பிள்ளைக்குத் தக்கபடி நாடகத்தையே செய்து கொடுத்திருக்கிறார். நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் கலைக்கு இதைவிட உயர்ந்த திருஷ்டாந்தம் நான் அறிந்தவரையில் வேறில்லை.

இப்படிச் சிறுவர்களை வைத்தே நடந்த பாய்ஸ் கம்பெனிகள் பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுத்தன என்பதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்ட வேண்டும். ஆகையால் எல்லாவற்றுக்கும் முந்தின பரீட்சை சாரீரப் பரீட்சைதான். ஆர்மோனியத்தில் நாலரைக் கட்டையோ ஐந்து கட்டையோ வைத்தால் பையன் தாங்குகிறானா என்று பார்ப்பார்கள். அடுத்தது ஞாபகசக்தி, இரவு முழுவதும் நடக்கும் நாடகத்துக்கான பாடல்களையும் வசனங்களையும் ஏட்டைப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டுமே! மூன்றாவது உச்சரிப்பு. முகவெட்டு இதற்கெல்லாம் பின்னால்தான். ராஜபார்ட்டா, ஸ்திரீபார்ட்டா என்பதை நிர்ணயிக்க அது பயன்பட்டது.

ஆனால் அந்தப் பரீட்சைக்கு வந்து நின்ற பிள்ளைகள் எத்தகையவர்கள்? இதைத்தான் நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சிவாஜி கணேசன் சிறுபிள்ளையாக இருந்தபோது கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து, நடிகனாக வேண்டும் என்ற தாகம் கொண்டு, வீட்டாருக்குத் தெரியாமல், தாய் தகப்பன் இல்லாத அநாதை என்று சொல்லித் திருச்சியில் முகாமிட்டிருந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் பாடிக் காட்டிச் சேர்ந்துகொண்டவர். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேஷம் சீதை. எம்.கே. தியாகராஜ பாகவதர், பள்ளிப் படிப்பை விட்டுப் பாட்டின் பின்னால் போன குற்றத்துக்காகத் தகப்பனாரின் கோபத்துக்கு ஆளாகி, வீட்டை விட்டுக் கடப்பை வரை ஓடிய பிள்ளை. பிற்பாடு திருச்சியில் எஃப்.ஜி. நடேசய்யர் அவருடைய பாட்டைக் கேட்டு, ரசிக ரஞ்சனி சபையின் ‘அரிச்சந்திரா’வில் லோகிதாசனாக மேடையேற்றினார். பெரியவர்கள் வகுத்த வழியை மறுத்து வந்தவர்களே மேடைக்கு வந்தார்கள். அபிமன்யு வேஷத்துக்கும் பிரகலாதன் வேஷத்துக்கும் அவர்களுக்கு எந்த ஆசிரியரும் கோபத்தைக் கற்றுத்தர வேண்டிய அவசியம் இருந்திராது என்பது என் அபிப்பிராயம்.

இங்கேதான் அந்தக் கம்பெனிகளின் பெரிய துயரம் ஒன்றும் இருக்கிறது. நாடகக்காரர்கள் அதை மகரக்கட்டு என்பார்கள். ஆண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல், பதினாறு வயதுக்குள்ளாகப் பெரும்பாலும், குரல்வளை பெரிதாகிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. ஏறக்குறைய ஒரு ஸ்தாயி அளவுக்குச் சாரீரம் கீழே இறங்குகிறது. இறங்கி நிலைபெறும் வரையில் அது எப்போது எங்கே பிசகும் என்று பாடுகிறவனுக்கே தெரியாது. நேற்று வரை ராஜபார்ட்டாகக் கைதட்டல் வாங்கிய பையன், இன்று திரைக்குப் பின்னால் சாமான் எடுத்துக் கொடுக்கிறவனாகிறான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாட்டின் வன்மையினாலேயே கதாநாயகனாக உயர்ந்த பி.யு. சின்னப்பா, தொண்டை உடைந்த பிற்பாடு கம்பெனியை விட்டு வெளியேறி, சிலம்பமும் தேகப்பயிற்சியும் பயின்று, 1936-ல் ‘சந்திரகாந்தா’வின் மூலம் சினிமாவில் புகுந்து, 1940-ல் ‘உத்தமபுத்திர’னில் இரட்டை வேஷம் ஏற்று நின்றார். அவருக்கு மறுவாழ்வு கிடைத்தது. பெயர் தெரியாமலே ஊர் திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேரோ!

எண்ணிப் பாருங்கள். அபிமன்யுவுக்குப் பதினாறு வயது என்கிறது பாரதம். உண்மையான பதினாறு வயதுப் பையனின் குரல், பழைய நாடக மேடை வேண்டாமென்று ஒதுக்கிய குரல். எதிர்த்துப் பேசுகிற வயதின் குரல் எதுவோ அதை விலக்கிவிட்டு, இன்னும் குழந்தையாக இருக்கிற ஒருவனின் கணீரென்ற சாரீரத்தை வைத்து அந்த வயதைப் பாடச் செய்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் அது தவிர்க்க முடியாத காரியம். அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று அந்த நிர்ப்பந்தம் நமக்கு இல்லை. நிர்ப்பந்தம் இல்லாத இடத்திலும் வழக்கம் மாறவில்லை என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1899-ல் நியூயார்க் நகரத்தில் பத்திரிகை விற்கும் சிறுவர்கள், நூறு பிரதிகள் கொண்ட கட்டின் விலையை ஐம்பது சென்டிலிருந்து அறுபதாக உயர்த்திக் குறைக்க மறுத்த புலிட்சர், ஹெர்ஸ்ட் என்ற இரு பெரிய பத்திரிகை முதலாளிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கதையை அமெரிக்கர்கள் ‘நியூசீஸ்’ என்று சங்கீத நாடகமாக்கி 2012-ல் பிராட்வேயில் மேடையேற்றினார்கள். அங்கேயும் தெருப் பையன்களாக முக்கிய வேஷம் ஏற்றவர்களில் பெரும்பாலோர் வயது வந்தவர்களே. கலகம் செய்த பிள்ளையின் கதையைக் கலகம் செய்கிற வயதுள்ள பிள்ளையே பாடுவது எங்கும் அபூர்வமாகத்தான் இருக்கிறது.

இந்த எண்ணத்தோடுதான் நான் தேர்வுக்கு உட்கார்ந்தேன். விடுமுறை நாளில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தோம். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்று மலையின் பல நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள்; பஸ் வராத ஊர்களிலிருந்து மிளகுத் தோட்டங்களுக்கு ஊடே நடந்து வந்தவர்களும் உண்டு. ஆர்மோனியத்துக்கு ராசிபுரம் பக்கத்திலிருந்து, கூத்திலும் நாடகத்திலும் தலைநரைத்த வாத்தியார் ஒருவர், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே கடந்து வந்து சேர்ந்தார். அவருடைய கட்டணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, “பசங்க பாடட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

பாட்டுப் பரீட்சை எதிர்பார்த்தபடியே நடந்தது. சினிமாப் பாட்டுத்தான் பெரும்பாலும். சில பிள்ளைகள் மட்டும், சாமை அறுக்கும்போது பாட்டிமார் பாடுகிற பாட்டைப் பாடினார்கள். அந்தப் பாட்டுகளில் இருக்கிற நீண்ட கூவல், பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம் நிற்பவரை அழைப்பதற்காக ஏற்பட்டதோ என்று நினைக்கும்படி, மண்டபத்தின் சுவர்களைப் பொருட்படுத்தாமல் வெளியே போயிற்று. வசனம் வாசிப்பதிலும் பலர் தேறினார்கள்.

மூன்றாவதாக நான் வைத்த பரீட்சைதான் கடினமானது. ஊர்ப் பெரியவர் ஒருவரை எதிரே நாற்காலியில் உட்கார வைத்து, அவர் சுந்தரியின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொல்ல, பிள்ளை தன் சொந்த வார்த்தையில் அதை மறுத்துப் பேச வேண்டும். பாட்டில் முதன்மையாக நின்ற பிள்ளைகள் அநேகர் இங்கே தலைகுனிந்து நின்றுவிட்டார்கள். பெரியவர் வார்த்தைக்கு எதிர்வார்த்தை பேசாமல் வளர்ந்த பிள்ளைகள்; அந்த நல்ல பழக்கம் அவர்கள் நாவைக் கட்டியது. சிலர் உரக்கக் கத்தினார்கள். கத்துவது வேறு, மறுப்பது வேறு. அரியூர் நாட்டிலிருந்து வந்த பையன் ஒருவன், பாட்டில் அங்கங்கே குரல் உடைந்து நின்றவன், பெரியவரின் முகத்தை நேரே பார்த்து, “நீங்க எல்லாரும் பேசி முடிச்சீங்க தாத்தா, சரி. அவகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?” என்றான். கேட்கும்போது ‘கேட்டீங்களா’ என்ற சொல்லின் நடுவே அவன் குரல் கீழே விழுந்து மேலே எழும்பியது. பெரியவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டும் என்று அவரிடம் நாங்கள் சொல்லி வைத்திருந்தும் சொல்லவில்லை.

எனக்கு அபிமன்யு கிடைத்துவிட்டான். வாத்தியாருக்குச் சம்மதமில்லை. “தம்பிக்கு மகரக்கட்டுங்க. இப்பப் போயி மேல்ஸ்தாயி பாட வெச்சீங்கன்னா தொண்டை கெட்டே போயிரும். பாவம், அந்தப் பாவம் நமக்கு வேணாம்” என்றார். அவர் சொன்னதில் அனுபவத்தின் உண்மையும் பிள்ளையின் மீது கருணையும் இருந்தன. அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அன்று சாயங்காலம் வரையில் இருவரும் இதைப் பற்றியே பேசினோம். முடிவில் வழியைச் சொன்னவரும் அவரே. தெருக்கூத்தில் வேஷக்காரன் ஓர் அடி பாட, பின்பாட்டுக்காரர்கள் அதை ஏற்றுப் பாடுகிறார்கள் அல்லவா? அந்தச் சம்பிரதாயத்தையே இங்கே கைக்கொள்வது. அபிமன்யு தன் பாட்டை ஒன்றரைக் கட்டையில், தன் குரல் நிற்கிற சில ஸ்வரங்களுக்குள்ளேயே, பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் எடுத்துக் கொடுப்பான். மேலே போக வேண்டிய இடங்களைச் சிறுவர்களும் சிறுமிகளும் அடங்கிய பின்பாட்டுக் கோஷ்டி ஏற்றுப் பாடும். சங்கதிகளைக் குறைத்துவிடுவது. ஒத்திகையில் தொண்டை வலிக்கிறது என்று பையன் சொன்னால் அன்றைக்குப் பாட்டு இல்லை, வசனம் மட்டும். சுவாமிகளின் பாட்டை இப்படிப் பிரிக்கலாமா என்று மனம் சிறிது தயங்கியதுண்டு. முன்னால் நிற்கிற பிள்ளைக்காக ஒரு முழு நாடகத்தையே இரவோடிரவாக எழுதித் தந்தவர் அவர். ஒரு பிள்ளைக்காகச் சுருதியைக் குறைப்பதை அவர் மறுத்திருக்க மாட்டார் என்று தேறினேன்.

சுந்தரியாகப் பெண்ணே நடிக்கிறாள். பாய்ஸ் கம்பெனிகளில் சுந்தரியும் பையன்தான். ஆனால் அந்தக் காலத்திலேயே கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட கம்பெனியை நடத்திக் காட்டியிருக்கிறார் என்பதை நம் ஊரில் ஆட்சேபம் சொல்ல வந்த ஓரிருவருக்கு எடுத்துச் சொன்னேன். வளப்பூர் நாட்டிலிருந்து, அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண் நல்ல பாடகி. ஏட்டை வாங்கிப் படித்துவிட்டு, “ஐயா, இவ ஏன் பாட்டுக்குப் பாட்டு அழுதுகிட்டே இருக்கா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. புலம்பல் பாட்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குறைத்திருக்கிறோம். அந்த இடத்தில் சுந்தரி தன் பெரியவர்களிடம் வாதாடுகிறாள்.

தேர்வாகாத பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் செய்தி இந்த மலைக்கே உரியது. ஒரே அம்பினால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வீழ்த்திய வேடன் ஒருவனைக் காட்டிலே கண்ட கலைஞர் கூட்டம், அவன் யாரென்று திட்டமாக அறியாமலே, முழவும் யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்க, இருபத்தொரு துறைகளையும் பாடிக் காட்டுகிறது. இறுதியில் அரசனுக்குரிய சொல்லால் விளித்தபோது அவன் நாணுகிறான். பிறகு தான் வேட்டையாடிய இறைச்சியையும் மதுவையும், தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அவர்களுக்குக் கொடுக்கிறான். அவன்தான் ஓரி. அந்தக் கூட்டத்தில் யார் நன்றாகப் பாடினார்கள், யார் தாளம் தவறினார்கள் என்று அவன் பிரித்துப் பார்த்ததாகப் பாட்டில் இல்லை. பாடியவர்கள் அனைவருக்கும் கொடுத்தான். அவனுக்கு விழா எடுக்கிற மலையில், நடந்து வந்து பாடிய பிள்ளை ஒன்றைக்கூட ‘உனக்கு இடமில்லை’ என்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மேடையில் இடம் பெறாதவர்கள் பின்பாட்டில் இருக்கிறார்கள். வனக் காட்சியில் கடோத்கஜனின் பரிவாரமாக வருகிறார்கள். இரண்டு பையன்கள் வாத்தியாரிடம் மிருதங்கம் பழகத் தொடங்கிவிட்டார்கள்.

ஒத்திகை ஞாயிறுதோறும் காலையில் நடக்கிறது. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறோம். அபிமன்யுவின் குரல் திருவிழாவுக்குள் இன்னும் இறங்கலாம். இறங்கினால் சுருதியை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்வதாக வாத்தியார் ஒப்புக்கொண்டிருக்கிறார். கடோத்கஜனுக்குத்தான் ஆள் அமையவில்லை. நல்ல உயரமும், தம்பியைத் தூக்கிச் சுற்றுகிற பலமும், சண்டைக்குப் பிறகு அவனைத் தழுவிக்கொண்டு பாடுகிற ஒரு பாட்டுக்குக் குரலும் வேண்டும். அப்படிப்பட்ட பையன் எந்த நாட்டில் இருந்தாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அனுப்பி வையுங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்.